மல்லிகா மெஸ்ஸைத் தேடிய பிரிண்டர்

1

ஒவ்வொரு வருடமும் இலை உதிரும் நேரத்தில் எனக்கு ஒரு கடிதம் வரும். எங்கள் குடியிருப்பை நடத்தும் சங்கம் அனுப்புவது. எத்தனை குப்பைத் தொட்டி வைப்பது, தண்ணீர் எவ்வளவு போகும் என்று அவர்கள் கணக்கிட வேண்டுமாம். அதற்காக வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறோம் என்று கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் சடங்கு பெரிது. படிவத்தை இணையத்திலிருந்து இறக்கி, அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஜெர்மனி என்றால் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று காஞ்சிபுரத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே காகிதமும் மையும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு காரியமும் நகராது. அதனால்தான் வீட்டுக்கு வீடு பிரிண்டர் வைத்திருக்கிறோம்.

பல வருடங்கள் அந்தக் கட்டத்தில் ‘மூன்று’ என்று எழுதினோம். என் கணவர் போன பிறகு ‘இரண்டு’ என்று எழுதினேன். செத்தவரை உயிரோடு இருப்பதாக எழுத முடியாதல்லவா.

இந்த வருடம் கடிதம் வந்து பத்து நாள் மேசையிலேயே கிடந்தது. உயிரோடு இருக்கிறவளை இல்லையென்று எப்படி எழுதுவது?

என் மகள் சுடர் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஊரில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. செவிலிமேட்டில் இருக்கும் என் தம்பி ஏகாம்பரத்துக்குக்கூட. இந்தக் குறிப்பை அவன் படிப்பான். படிக்கட்டும்.

2

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வைஃபை பெட்டி செத்துப்போனது. ஒன்பது வருடம் உழைத்த பெட்டி. கம்பெனிக்காரர்கள் புதிது அனுப்பினார்கள். அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு பெயரும், இருபது எழுத்தில் ஒரு கடவுச்சொல்லும் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் அடித்தேன். வேலை செய்தது. பிரிண்டர் மட்டும் வரவில்லை.

பிரிண்டர் இருப்பது சுடரின் அறையில், அவள் படித்த மேசை மேல். அவள் அப்பா பள்ளிக்கூட வேலைக்கென்று வாங்கிக் கொடுத்தது. அதற்குத் திரை கிடையாது. நாலு பொத்தானும் ஒரு விளக்கும்தான். அந்த விளக்கு ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. என்ன நோவு என்று தெரிந்துகொள்ள ஒரு பொத்தானை அழுத்தினால், தானே ஒரு அறிக்கை அச்சடித்துத் தரும். அழுத்தினேன். தந்தது. ‘தேடும் நெட்வொர்க்: மல்லிகா மெஸ். நிலை: கிடைக்கவில்லை.’

என்னால் அச்சடிக்க முடியாது என்பதை இவ்வளவு அழகாக அச்சடித்துக் கொடுக்கிற ஜென்மத்தை நான் பார்த்ததில்லை. மறுநாளும் அழுத்தினேன், அதே பதில். நாலு நாளில் நாலு காகிதம் சேர்ந்தது.

மல்லிகா நான்தான். மருத்துவமனைச் சமையல்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்ததும் சுடரைக் கேட்கும் முதல் கேள்வி “சாப்ட்டியா?” என்பதுதான். பரீட்சையில் தோற்றுவிட்டு அழுதுகொண்டிருந்தாலும் அதையே கேட்பேன். பழைய பெட்டி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் அதை மாட்டி, நெட்வொர்க்குக்கு ‘மல்லிகா மெஸ்’ என்று பெயர் வைத்தாள். கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் ‘சாப்ட்டியா சாப்ட்டியா’ என்று இரண்டு முறை. “நீ மறக்கவே மாட்ட அம்மா” என்றாள். ஆனாலும் ஒரு சீட்டில் எழுதி, மசாலா அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். மஞ்சள் பட்டு, எண்ணெய் பட்டு, அது இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் இருப்பது முதல் மாடி. சுடரின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். பள்ளிக்குப் போகும்போது பஸ் வரும்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்து வீட்டு வைஃபையில்தான் பாட்டுக் கேட்பாள். “பஸ் ஸ்டாப்புக்கும் நம்ம மெஸ்ஸுலதான் சாப்பாடு” என்பாள். எதிர் வீட்டு ஜெர்மன் அம்மாள் ஒருமுறை படிக்கட்டில் நிறுத்தி, இந்தக் கட்டடத்தில் யாரோ உணவகம் நடத்துகிறார்களா, அனுமதி இருக்கிறதா என்று விசாரித்தாள். அவள் கைபேசியில் எங்கள் வைஃபையின் பெயர் தெரிந்திருக்கிறது.

3

உதவி எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவர் வந்தார். பொறுமைசாலிதான். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து ஐந்து விநாடி அழுத்துங்கள், பிரிண்டர் பழைய நெட்வொர்க்கை மறந்துவிடும், பிறகு முதலிலிருந்து புதிதாகச் சேர்க்கலாம் என்றார்.

பிரிண்டர் முன்னால் நின்றேன். இரண்டு விரலையும் பொத்தான் மேல் வைத்தேன்.

“அழுத்திவிட்டீர்களா?”

“வேறு வழி இல்லையா?”

“இதுதான் சுலபம். பழைய பெயரை அழித்துவிட வேண்டும்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. “நீ உன் வீட்டுப் பெயரை அழிப்பாயா?” என்று கேட்டுவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்றால் அது சட்டையைப் பிடிப்பது மாதிரி. இருபத்தாறு வருடம் இங்கே இருந்தும், கோபம் வந்தால் மரியாதை விகுதி எல்லாம் எனக்குக் கழன்று போய்விடும். அவர் குளிர்ந்த குரலில், “அம்மையாரே, அது வீட்டின் பெயர் அல்ல. நெட்வொர்க்கின் பெயர்” என்றார்.

மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். நூலகத்துக்குப் போய் அச்சடித்திருக்கலாம். முழங்கால் வீங்கி மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்திருக்கிறார், நடக்க முடியவில்லை என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. பிரிண்டர் வேலை செய்யாதவரை அந்தக் கட்டத்தில் எண் எழுத வேண்டாம். அது சுடரைத் தேடுகிற மாதிரியும் எனக்கு இருந்தது. அந்த அறையில் நானும் அதுவும்தான், இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை.

4

என்ன சண்டை என்று கேட்பீர்கள். மருந்தாளுநர் படிப்பில் இரண்டு வருடம் முடித்தவள், போதும், தச்சுப் பட்டறையில் தொழில் பழகப் போகிறேன் என்றாள்.

“அம்மா, எனக்கு மரம் பிடிச்சிருக்கு. நாள் பூரா உட்கார்ந்து பேர் தெரியாத மாத்திரையை எண்ண என்னால முடியாது.”

“கையால ஒழைக்கவா உன்ன இந்தக் குளிர்ல பெத்துப் போட்டேன்?”

“நீயும் கையாலதானே செய்ற? முன்னாடி தறியிலயும் கைதானே?”

“அதனாலதான் சொல்றேன். பேசாத. அப்பிடித்தான் போவேன்னா போ. போனா போனதுதான். அப்பறம் இந்த வாசப்படி மிதிக்காத!”

இப்போது எழுதும்போது எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரத்தில் எங்கள் தறிவீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இது காலையில் சொல்லி மத்தியானம் மறந்துபோகிற வசனம். இந்த வாசப்படி மிதிக்காதே என்று என் அப்பா என் தம்பியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார். அவன் தெருக்கோடிக் கடை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டோம். அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. யாராவது ஒருவர், முகத்தைப் பார்க்காமல், “சாப்ட்டியா?” என்று கேட்க வேண்டும். அதுதான் சமாதானம். “சாப்ட்டேன்” என்று பதில் வந்தால் கோபம் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். “இன்னும் இல்ல” என்றால் தீர்ந்தது. ஒருமுறை தறியில் இழை அறுந்ததற்கு நானும் ஏகாம்பரமும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் வந்து கேட்டான். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தவள், இன்னும் இல்ல என்று சொல்லி மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சுடர் இங்கே பிறந்தவள். இந்த ஊரில் சொன்ன சொல் சொன்னதுதான். போ என்றால் போ. நான் அடுப்படியில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தபோது அவள் அமைதியாகத் துணிகளை மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். வந்து சாவியை மேசையில் வைத்தாள். அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வாழ்நாள் முழுக்க அவளை நச்சரித்த கேள்வி, அன்றைக்கென்று வாயில் வரவில்லை. பிறகு அவள் வேறு முகவரியில் குடியேறியதாகப் பதிவு செய்துகொண்டதாக நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

எட்டு மாதமாகக் கைபேசியில் அந்தக் கேள்வியை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். “சாப்ட்டேன்” என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

5

புதன்கிழமை மதியம் ஏகாம்பரத்துக்கு வீடியோவில் பேசினேன்.

“யக்கா, இன்னா இந்நேரத்துல? வேலைக்குப் போவல?”

“லீவு. முட்டி வீங்கிக்கினு இருக்குது. நீ இன்னா தறில ஒக்காராம?”

“எங்க ஒக்கார்றது? மூணு நாளா மழ ஊத்திக்கினு இருக்குது. தறிக்குழில தண்ணி ஊறிடுச்சி. டீ குடிச்சிக்கினு கெடக்கறேன்.”

அவனுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. இங்கேயும் மழைதான். இந்த ஊர் மழைக்குச் சத்தமே கிடையாது, ஜன்னலைப் பார்த்தால்தான் தெரியும். பிரிண்டர் கதையைச் சொன்னேன். அவன் வீட்டிலும் பிரிண்டர் உண்டு. சேலை பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டு அடிக்க வைத்திருக்கிறான். ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து போன மாதம் அவனுக்கு இணைப்பு மாற்றிக் கொடுத்தாராம்.

“இதுக்கா மூணு வாரமா மண்டய ஒடச்சிக்கினு இருக்கற? யக்கா, பாவு முடிஞ்சா இன்னா பண்ணுவ? அச்சுல இருக்கற இழயெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து கோப்பியா?”

“மாட்டேன்.”

“பின்ன?”

“பழைய பாவுல கொஞ்சம் உட்டு வச்சி, அது முனையில புதுசப் பிணைப்பேன்.”

“அதேதான். புதுப் பெட்டிக்குப் பழைய பேர வையி. பழைய பாஸ்வேர்டயே வையி. பிரிண்டருக்கு ஒண்ணும் தெரியாது, நம்ம வூடுன்னு நெனச்சிக்கினு தானா வந்துரும். எங்க வூட்ல அப்பிடித்தான் பண்ணாரு. டிவி, பிரிண்டர், பக்கத்து வூட்டுப் பசங்க போனு, எல்லாம் வந்து ஒட்டிக்கிச்சி.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பாவு பிணைப்பது நான்தான். தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு. இரண்டு மூன்று சேலைக்கு வரும். அது முடியும்போது முழுவதையும் எடுத்துவிட்டால், ஆயிரக்கணக்கான இழைகளையும் அச்சு என்கிற தறிச் சீப்பில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கோக்க வேண்டும். அதனால் பழைய பாவில் கொஞ்சம் தறியிலேயே விட்டுவைப்போம். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று சேர்த்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும். இப்போதும் மருத்துவமனையில் மாவுப் பையின் வாயைக் கட்டும்போது என் கட்டைவிரல் அப்படித்தான் உருளுகிறது. இவ்வளவு தெரிந்தவளுக்கு, அழிக்காமலும் சேர்க்கலாம் என்று தோன்றவேயில்லை. பெட்டி புதிதென்றால் எல்லாமே புதிதென்று நம்பிவிட்டேன்.

“பாப்பா எப்டி இருக்குது? படிப்பு முடிஞ்சிச்சா?”

“முடியப் போவுது” என்றேன். வைக்கும்போது, “நீ சாப்ட்டியா?” என்று அவன் கேட்டான். ஆச்சு என்று சொல்லிவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

6

கம்ப்யூட்டரில் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, பெயர் என்ற இடத்தில் மல்லிகா மெஸ் என்று அடித்தேன். மசாலா அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தேன். எனக்கு மறந்துபோகவில்லை. இருந்தாலும் அவள் கையெழுத்தைப் பார்த்து அடித்தேன்.

சுடரின் அறையில் ஆரஞ்சு விளக்கு நின்று, நீலமானது. படிவத்தை அனுப்பினேன். பிரிண்டர் ஒரு முனகலும் இல்லாமல் அச்சடித்துக் கொடுத்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை.

வியாழன் காலையில், பிரிண்டர் மறுபடி ஓடிப்போய்விட்டதா என்று பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்று அதில் ஒரு பட்டியல் வரும். என் கைபேசி, கம்ப்யூட்டர், பிரிண்டர். நாலாவதாக ஒரு வரி இருந்தது. சுடரின் கைபேசி. நேற்று மாலை ஐந்து எட்டிலிருந்து ஐந்து பத்தொன்பது வரை.

நேற்று மாலை நான் வீட்டில்தான் இருந்தேன். யாரும் மணி அடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் அறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்தேன். கீழே பஸ் நிறுத்தம். தச்சுப் பட்டறைகள் இருக்கும் பக்கத்திலிருந்து வரும் பஸ் அங்கே நின்று போகும். அவளுடைய புது முகவரிக்கு அங்கேதான் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். பதினோரு நிமிடம் காத்திருக்க வேண்டும். எட்டு மாதமாக என் மகள் தினமும் பதினோரு நிமிடம் என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் மருத்துவமனையில் இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். முழங்கால் வீங்காமல் இருந்தால் எனக்குத் தெரிந்தேயிருக்காது.

அவள் கைபேசி தினமும் தானாக மல்லிகா மெஸ்ஸில் சேர்ந்திருக்கும். மூன்று வாரமாகத் தேடியிருக்கும், கிடைத்திருக்காது. அம்மா பெயரை மாற்றிவிட்டாள், இங்கிருந்தும் என்னைத் துரத்திவிட்டாள் என்று நினைத்திருப்பாள். அந்தப் பிரிண்டரைப் போல அவளும் ஒவ்வொரு நாளும் ‘கிடைக்கவில்லை’ என்று பார்த்திருப்பாள். நான் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாருக்குக் கேட்கப் போகிறது.

அன்று மாலை ஐந்து மணிக்கே திரைக்குப் பின்னால் போய் நின்றேன். வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். மேல்சட்டையில் மரத்தூள். நடையில் அவள் அப்பாவின் சாயல் முன்பே இவ்வளவு இருந்ததா என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. ஜன்னலைத் தட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், படியிறங்கிப் போகலாம். வாசற்படி மிதிக்காதே என்று சொன்னவள் எந்த முகத்தோடு படியிறங்குவது? கைபேசியில் கேள்வியை எழுதினேன். பஸ் வந்துவிட்டது. அழித்தேன்.

7

வெள்ளிக்கிழமை காலை படிவத்தை எடுத்து எழுதினேன். வசிப்போர்: ஒருவர். சுடருக்கு வேறு வீடு இருக்கிறது, வேறு தொழில் இருக்கிறது. ‘இரண்டு’ என்று நான் ஒரு காகிதத்தில் எழுதுவதால் அவள் இந்த வீட்டில் வசிக்கிறவள் ஆகிவிட மாட்டாள். கையெழுத்துப் போட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். நடக்க முடிந்தது.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி திரைக்குப் பின்னால். ஐந்து எட்டுக்குப் பஸ் வந்தது. இறங்கினாள், உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ அடித்தாள்.

என் முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று விழித்துக்கொண்டது.

நான் ஒன்றும் அனுப்பவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் காகிதம் ஒன்றை இழுத்து, மெதுவாக வெளியே தள்ளியது. பக்கத்தின் நடுவில் பெரிய தமிழ் எழுத்தில் இரண்டே வார்த்தை இருந்தது.

இன்னும் இல்ல.

கடவுச்சொல்லாக அந்தக் கேள்வியை இரண்டு முறை அடித்தது நான்தான். அவளுக்குத்தான் அது கேட்டிருக்கிறது.

திரையை ஒதுக்கினேன். கீழே அவளுடைய பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது, மூடியது, பஸ் போய்விட்டது. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். பிறகு அடுக்களைக்குப் போய் இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன்.